இஞ்சின் ஓடுகிறது, முள் ஓடவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது தந்தையார் 1960ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் காரை விற்க மனமில்லாமல், அதன் பழைய இஞ்சினை இறக்கிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய 1200 சீசீ டட்சன் இஞ்சினையும் அதற்குரிய கியர்பொக்ஸையும் ஏற்றியிருக்கிறேன். கார் நன்றாக ஓடுகிறது. ஆனால் வேகமானி அசைவதே இல்லை. ஒயில் விளக்கு எந்நேரமும் மங்கலாக எரிகிறது. சார்ஜ் விளக்கு எரிவதே இல்லை. ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றியதாகச் சொல்லி விற்ற வெப்பமானியொன்றைப் புதிதாகப் பொருத்தினேன், அது எவ்வளவு தூரம் ஓடினாலும் குளிர்ந்த பக்கத்தை விட்டு நகர்வதில்லை. எரிபொருள் மானி சில நாள் சரியாகவும் சில நாள் தாங்கி நிறைந்திருப்பதாகவும் காட்டுகிறது. கராச்சில் கேட்டால், “கார் ஓடுதுதானே, பிறகேன் மீற்றர்?” என்கிறார்கள். ஜப்பான் கார் ஒன்றின் டாஷ்போட்டை முழுதாக வாங்கிப் போட்டுவிட்டால் எல்லாம் தீருமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: தீராது, வேலை இரட்டிக்கும். மானி தனியாக எதையும் அளப்பதில்லை. இஞ்சினிலோ தாங்கியிலோ இருந்துகொண்டு, சூட்டையோ அழுத்தத்தையோ எரிபொருளின் மட்டத்தையோ மின்தடையாக மாற்றித் தருகிற உணரி ஒன்று, கராச்சில் ‘சென்சர்’ என்று சொல்லப்படுவது, அதற்குச் சோடியாக இருக்கிறது. எத்தனை ஓம் தடைக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தச் சோடிக்குள் உள்ள உடன்பாடு. ஜெர்மனியின் வீடிஓ எரிபொருள் மானி, தாங்கி வெறுமையாகும்போது 10 ஓமையும் நிறையும்போது 180 ஓமையும் எதிர்பார்க்கிறது; அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் வெறுமைக்கு 0, நிறைவுக்கு 90; டொயோட்டாவின் பல கார்களில் அது தலைகீழாகி, நிறைந்த தாங்கிக்கு ஏறத்தாழ 3 ஓமும் வெறுந்தாங்கிக்கு 110 ஓமும் வருகின்றன. உங்கள் காரின் எரிபொருள் தாங்கியும் அதற்குள் இருக்கும் மிதவையும் மொறிஸினுடையவை. இஞ்சின் மாறியதால் அவை மாறிவிடவில்லை. ஜப்பான் டாஷ்போட்டைப் போட்டால், இப்போது அரைகுறையாகவேனும் உண்மை சொல்லும் அந்த ஒரு மானியையும் கெடுத்துக்கொள்வீர்கள். ஆகவே மொறிஸின் நடுவிலுள்ள வட்ட முகப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மானியாக எடுத்து, அதன் சோடி எது, அந்தச் சோடி இப்போது எங்கே என்று பார்ப்போம்.

அதற்கு முன், கராச்சில் கிடைத்த அந்தப் பதிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது எங்கிருந்து வந்தது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். தொண்ணூறுகளில் போரினால் பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராதிருந்தபோது, ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் சமர்செற்றுகளும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் ஒரு மிடறு பெற்றோலை விட்டு இஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயைக் கொடுத்தார்கள். அந்நாளில் மீற்றர் பார்த்து ஓடியவர் எவருமில்லை. சாரதியின் காதும் மூக்குமே மானிகளாக இருந்தன. மைனரின் பழைய இஞ்சின் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், சிலிண்டர்கள் உள்ள புளொக்கும் அதை மேலிருந்து மூடும் தலையும் இரண்டுமே வார்ப்பிரும்பு என்பது. நீங்கள் ஏற்றியிருக்கும் டட்சன் இஞ்சினில் புளொக் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். ஒருமுறை தண்ணீர் வற்றி அளவுமீறிச் சூடானால் தலை வளைந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள கஸ்கற் போய்விடும். மொறிஸ் கம்பனி அந்தக் காருக்கு வெப்பமானியே வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இனி உங்களுக்கு அது இல்லாமல் முடியாது.

வேலையை எர்த்திலிருந்து, அதாவது மின்னோட்டம் உலோக உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதையிலிருந்து, தொடங்குங்கள். இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் காரின் உடலுக்கும் இடையில் மின்தொடர்பைத் தருவது பின்னிய செப்புப் பட்டி ஒன்றே. இஞ்சின் மாற்றும்போது பழைய பட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவது வழக்கமான தவறு. சில ஆண்டுகளுக்கு முன் சாவகச்சேரிப் பக்கத்துக் கராச் ஒன்றில், இப்படி மாற்றிய காரொன்றை முதன்முறை எழுப்பும்போது நான் அருகில் நின்றேன். சாவியைத் திருப்பினார்கள், ஸ்டார்ட்டர் சோம்பலாக ஒருமுறை முனகியது, உடனே டாஷ்போட்டின் கீழிருந்து புகை எழுந்தது. சோக் கேபிளின் மேலுறை உருகிக் கம்பி சிவந்துபோயிருந்தது. பட்டி இல்லாததால் ஸ்டார்ட்டர் இழுத்த மின்னோட்டம் முழுவதும் பற்றரிக்குத் திரும்ப வேறு வழியின்றி அந்த மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொண்டது. உங்கள் காரில் பட்டி இருந்தாலும், அது பெயின்ற்றின் மேல் முடுக்கப்பட்டிருந்தால் இல்லாததற்குச் சமம். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனைத் தலையிலும் மற்றதை இஞ்சின் புளொக்கிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டியைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் தெரியச் சுரண்டி மீண்டும் முடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மானிகளை ஆராய்வது மணலில் கோடு கிழிப்பது போன்றது. ஏனெனில் இஞ்சினிலுள்ள ஒற்றைக் கம்பி உணரிகள் எல்லாம் தமது மறுபாதி இணைப்பை இஞ்சினின் உடல் வழியாகவே பெறுகின்றன.

சார்ஜ் விளக்கு: மொறிஸ் மைனர், பற்றரியின் நேர்முனை எர்த் ஆகும்படி கட்டப்பட்ட கார், பற்றரியைச் சார்ஜ் செய்யும் டட்சன் ஆல்டர்நேற்றரோ எதிர்முனை எர்த்தில் மட்டுமே வேலை செய்வது. திருப்பிக் கட்டினால் அதனுள்ளிருக்கும் டயோட்டுகள் கணத்தில் எரியும். உங்கள் இஞ்சின் ஓடுவதாலும், பற்றரி இறங்குவதாக நீங்கள் எழுதாததாலும் கராச்சில் முனைகளைச் சரியாகவே திருப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். விளக்குகளுக்கும் பழைய எரிபொருள் மானிக்கும் முனை எது என்பது பொருட்டல்ல. பழைய றேடியோ இருந்தால் அதை மட்டும் கழற்றி வையுங்கள். பழைய டைனமோவின் காலத்தில் சார்ஜ் விளக்கின் கம்பி கட்டுப்பாட்டுப் பெட்டியின் வழியாக டைனமோவுக்குப் போனது. அந்தப் பெட்டியைக் கழற்றியபோது கம்பி அந்தரத்தில் விடப்பட்டிருக்கும். அதைத் தேடிப்பிடித்து, ஆல்டர்நேற்றரில் ‘எல்’ என்று குறித்த முனைக்குக் கொடுங்கள். ‘ஐஜீ’ என்று குறித்த முனையும் இருந்தால், அதற்குச் சாவி போட்டதும் மின் வரும் கம்பியொன்று போக வேண்டும். ஆல்டர்நேற்றரில் ‘எஃப்’, ‘என்’ என்ற எழுத்துகள் இருந்தால் அது வெளியே தனி ரெகுலேற்றர் கேட்கும் பழைய வகை. விளக்குக் கம்பி அப்போது அந்த ரெகுலேற்றருக்கே போகும். விளக்கு, இரண்டு வாற்ற் அளவிலான சாதாரணக் குமிழாக இருக்கட்டும். அதன் ஊடாகச் செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்டர்நேற்றரை உசுப்பிவிடுகிறது. எல்ஈடி குமிழைப் போட்டால் அந்தளவு மின்னோட்டம் போகாமல், இஞ்சினை உரத்து முடுக்கும்வரை சார்ஜ் தொடங்காமலிருக்கக்கூடும்.

ஒயில் விளக்குத்தான் எனக்குக் கவலை தருவது. அதை அறியும்வரை காரை ஓட்டாதீர்கள். டட்சன் இஞ்சினின் புளொக்கில் அழுத்தத்தை அறிய ஒரு மரைத் துவாரம் உண்டு. அதில் இரண்டு வகைப் பொருளில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்று, அழுத்தம் இல்லாதபோது கம்பியை எர்த்தோடு சேர்த்து, நாலைந்து இறாத்தல் அழுத்தம் ஏறியதும் பிரித்துவிடுகிற சுவிட்ச். இது பெருவிரல் அளவில் சிறிதாக இருக்கும். மற்றது, அழுத்தத்துக்கு ஏற்பத் தடையை மாற்றித் தருகிற உணரி. இது சிறு டப்பா போல உருண்டு பருத்திருக்கும். ஒயில் மானி வைத்த டட்சன் காரிலிருந்து இஞ்சின் வந்திருந்தால் இந்த இரண்டாவது வகையே வந்திருக்கும். அதை மொறிஸின் விளக்கோடு இணைத்தால், தடை ஒருபோதும் முற்றாகப் பிரியாததால் விளக்கு அணையவும் மாட்டாமல் முழுதாக எரியவும் மாட்டாமல் மங்கலாக நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக இதுவே. எனினும் ஊகத்தை நம்பி ஓட வேண்டாம். உணரியைக் கழற்றி, கராச்சில் உள்ள இயந்திர அழுத்தமானியை அதே துவாரத்தில் முடுக்கி, இஞ்சினைச் சூடேறவிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒவ்வோர் 1,000 சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 இறாத்தல் என்ற வாய்ப்பாடு பழைய மெக்கானிக்குகள் கைக்கொள்வது. 3,000 சுற்றில் 30 இறாத்தல் கிடைத்தால் நிம்மதி. அதன்பின் அந்த இடத்தில் அதே மரைகொண்ட சுவிட்சைப் போட்டு, வெள்ளை நிறத்தில் மண்ணிறக் கோடுள்ள மொறிஸ் கம்பியை மாட்டிவிடுங்கள்.

மரை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான் இஞ்சின்களின் ஒயில் சுவிட்சுகள் பெரும்பாலும் எட்டிலொரு அங்குலப் பிரித்தானியக் குழாய் மரையில் வருகின்றன. அதில் அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்கச் சாமானில் அதே அளவுக்கு 27. இரண்டும் கையால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அதன்பின் இறுகும். இறுகியதை ‘நல்லாகப் பிடிக்கிறது’ என்று நினைத்து ஸ்பானர் போட்டு முடுக்கினால் புளொக்கின் மரை போய்விடும். பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் ஓர் இடைத்துண்டு கடைந்துகொள்வது மலிவு.

வெப்பமானிக்கு வருவோம். இஞ்சினின் தண்ணீர் உணரியில் உள்ள கம்பியைக் கழற்றி, சாவியைப் போட்டுவிட்டு, அந்தக் கம்பியின் நுனியை இஞ்சின் உலோகத்தில் ஒரு கணம் தொடுங்கள். முள் சூடான பக்கத்துக்கு ஏறத் தொடங்கினால் மானியும் கம்பியும் நல்லவை. உடனே எடுத்துவிட வேண்டும். உணரிகளில் பெரும்பாலானவை சூடு ஏற ஏறத் தடை குறைபவை. உங்கள் மானிக்குரிய சோடியும் டட்சனின் உணரியும் வேறு வேறாக இருந்தால், தண்ணீர் கொதிக்கும் நிலையிலும் டட்சன் உணரியின் தடை உங்கள் மானியை அசைக்கும் அளவுக்குக் குறையாமல் இருக்கும். மானியை விற்றவரிடம் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேட்டு, அந்தக் காரின் உணரியை வாங்கி முடுக்குவதே தீர்வு. முடுக்கும்போது குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் வெள்ளை ரேப்பை மரையில் நிறையச் சுற்றிவிடாதீர்கள். உணரியின் எர்த்தை அதுவே அறுத்துவிடும். இன்னொன்று: ஜப்பான் டாஷ்போட்டுகள் பலவற்றில் மானிகளுக்கு 12 வோல்ற் நேரே போவதில்லை, மின்னழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் சிறு பொருளொன்று அதே பெட்டிக்குள் இருக்கும். மானியை மட்டும் பிடுங்கி வந்தால் அது பின்தங்கிவிடும். பிறகு முள் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

சோடி கிடைத்தபின் அது உண்மை பேசுகிறதா என்று வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். உணரியின் உடலுக்கு ஒரு நீளக் கம்பியால் எர்த் கொடுத்து, அதன் நுனியை மட்டும் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, அருகில் வெப்பமானிக் கண்ணாடிக்குழாய் ஒன்றையும் வைத்துச் சூடாக்குங்கள். 80 பாகையில் முள் எங்கே நிற்கிறது, 90இல் எங்கே, கொதிநிலையில் எங்கே என்று மானியின் கண்ணாடியில் மெல்லிய பேனையால் புள்ளி வையுங்கள். கார் ஓடும்போது முள் அந்த முதலிரண்டு புள்ளிகளுக்கு இடையில் நின்றால் போதும். என்னைக் கேட்டால், மெல்லிய செப்புக் குழாயோடு வருகிற, மின்சாரமே தேவைப்படாத இயந்திர வெப்பமானியைத்தான் பழைய கார்களுக்குச் சொல்வேன். சோடிப் பொருத்தம் என்ற பிரச்சினையே அதில் இல்லை. நீளம் கூடியிருக்கிறதென்று அந்தக் குழாயை வெட்டி ஒட்ட மட்டும் கூடாது. வெட்டியவுடன் உள்ளிருக்கும் ஆவி போய் மானி செத்துவிடும்.

எரிபொருள் மானியின் குணம் எளிதில் விளங்கக்கூடியது. உங்கள் காரின் காலத்து ஸ்மித்ஸ் கம்பனி மானி, முள் சட்டென்று குதிக்கும் பழைய வகை. அதில் தாங்கிக் கம்பி அறுந்தால் முள் நிறைந்த பக்கத்துக்குப் போகும். சாவி போட்டதும் முள் மெதுவாக ஊர்ந்து ஏறுகிற பிற்கால வகையில் கம்பி அறுந்தால் வெறுமையைக் காட்டும். ஆக, சில நாள் நிறைவைக் காட்டுவது, பச்சையில் கறுப்புக் கோடுள்ள கம்பியோ தாங்கியின் எர்த்தோ விட்டுவிட்டுத் தொடுகிறது என்பதற்கு அடையாளம். காரின் பின்பெட்டியைத் திறந்து தாங்கியின் தலையிலுள்ள இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் தீரும்.

வேகமானி அசையாததற்குக் காரணம் கேபிள். கியர்பொக்ஸ் பக்கத்து முனை டட்சனுக்கும், முகப்புப் பக்கத்து முனை ஸ்மித்ஸுக்கும் பொருந்தும்படி கலப்புக் கேபிள் ஒன்று செய்விக்க வேண்டும். அதைச் செய்து மாட்டிவிட்டால் முள் அசையும். அசைவதால் அது சரி என்று ஆகிவிடாது. ஸ்மித்ஸ் முகப்பின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். கார் ஒரு மைல் ஓடும்போது கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே அது. ஜப்பானில் நெடுங்காலமாக நிலவிய நியமம் கிலோமீற்றருக்கு 637 சுற்று, அதாவது மைலுக்கு ஏறத்தாழ 1,025. உங்கள் காரில் பின் அச்சு மொறிஸினுடையது, ரயர் மொறிஸினுடையது, கியர்பொக்ஸ் மட்டும் டட்சனுடையது என்பதால் கணக்கைத் தாளில் போடுவதைவிட ஒழுங்கையில் போடுவது நம்பகமானது. முகப்பிலிருந்து கேபிளைக் கழற்றி, உட்கம்பியின் நுனியில் மட்டையில் வெட்டிய அம்பொன்றை ஒட்டுங்கள். தரையில் 16.09 மீற்றரைச் சோக்கட்டியால் குறியுங்கள். அது ஒரு மைலில் நூறிலொரு பங்கு. இருவர் காரை நேராகத் தள்ள, ஒருவர் உள்ளே இருந்து அம்பு எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கால் சுற்றுவரை எண்ண வேண்டும். பத்தேகால் சுற்று என்றால் மைலுக்கு 1,025.

முகப்பில் அச்சிட்ட எண் 1,400 என்று வைத்துக்கொள்வோம். 1,025ஐ 1,400ஆல் வகுத்தால் 0.73 வரும்; அதாவது முள் உண்மை வேகத்தில் நூற்றுக்கு 73 பங்கையே காட்டும். நீங்கள் 40 மைல் என்று நினைத்து ஏ-9 வீதியில் போகும்போது கார் மணிக்கு 88 கிலோமீற்றரில் பறந்துகொண்டிருக்கும். வீதியோரத்தில் வேகம் அளக்கும் பொலிஸாருக்கு ஸ்மித்ஸ் முகப்பைக் காட்டி விளங்கப்படுத்த முடியாது. சிறிய வித்தியாசமாயின் கியர்பொக்ஸில் கேபிளை மாட்டும் இடத்திலுள்ள சிறு பற்சக்கரத்தை மாற்றலாம். பற்கள் குறைந்த சக்கரம் கேபிளை வேகமாகச் சுழற்றும். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது போதாது. கேபிளின் நடுவே பொருத்துகிற சிறு விகிதப் பெட்டி ஒன்று தேவைப்படும். மானி திருத்துபவர்கள் சிலர் முள்ளின் மயிர்ச்சுருளைத் தளர்த்தி வேகத்தைச் சரிசெய்து தருவார்கள். வேகமுள் காந்தத்தால் இழுக்கப்படுவதால் அது சரிவரும். ஆனால் அதே முகப்பிலுள்ள தூரமானி பற்சக்கரங்களால் ஓடுவது, அது பழையபடி குறைத்தே எண்ணும். ஒயில் மாற்றுவதற்குத் தூரத்தைக் கணக்கு வைப்பவராயின் விகிதப் பெட்டிக்கே செலவழியுங்கள். எல்லாம் முடிந்தபின், ஆனையிறவின் நேர்ப்பாதையில் அருகில் இருப்பவரின் கைத்தொலைபேசி காட்டும் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கேள்வி: எனது ஜப்பான் காரின் பெற்றோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் போட்டேன். மற்றவை எல்லாம் வேலை செய்கின்றன; இஞ்சினின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீற்றர் மட்டும் பூச்சியத்தில் நிற்கிறது. கம்பியை எங்கே கொடுப்பது என்று எவருக்கும் தெரியவில்லை.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பெற்றோல் காரில் அந்த மீற்றர் எண்ணுவது, பொறியை உண்டாக்கும் கொயிலின் எதிர்முனையில் எழும் துடிப்புகளை. நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி, ஆகவே இரண்டு துடிப்பு. டீசலில் பொறியும் இல்லை, கொயிலும் இல்லை. சில டீசல் இஞ்சின்களின் பம்பில் சுற்றை எண்ணும் உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால் ஆல்டர்நேற்றரைத்தான் நாட வேண்டும். அதன் முதுகில் ‘டபிள்யூ’ என்று குறித்த முனை இருந்தால் அங்கிருந்து கம்பி எடுக்கலாம். இல்லாவிட்டால், கார் மின்வேலை தெரிந்தவர் ஆல்டர்நேற்றரைப் பிரித்து, டயோட்டுகளுக்கு முன்னாலுள்ள மூன்று சுருள் முனைகளில் ஒன்றிலிருந்து கம்பியொன்றை வெளியே கொண்டுவந்து தருவார்.

ஆனால் அதை உங்கள் பெற்றோல் மீற்றருக்கு நேரே கொடுத்தால் முள் எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். ஆல்டர்நேற்றரில் ஆறு சோடித் துருவங்கள் இருந்தால் அது ஒருமுறை சுழலும்போது ஆறு துடிப்பு வரும். இஞ்சினின் கீழ்ப் புல்லியின், அதாவது பெல்ற் ஓடும் சக்கரத்தின், விட்டம் 140 மில்லிமீற்றரும் ஆல்டர்நேற்றரின் புல்லி 70 மில்லிமீற்றருமாயின், இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஆல்டர்நேற்றர் இரண்டு சுற்றுச் சுற்றும். மொத்தம் 12 துடிப்பு. இரண்டு துடிப்பை எதிர்பார்க்கும் மீற்றர் அதை ஆறு மடங்காக வாசிக்கும். ஆகவே பின்புறத்தில் திருகி அளவு வைக்கக்கூடிய டீசல் மீற்றரை வாங்குவதே நேர்வழி. இஞ்சின் சும்மா நின்று ஓடும்போது கையடக்க ஒளிச் சுற்றுமானி ஒன்றால் கீழ்ப் புல்லியின் வேகத்தை அளந்து, அந்த எண்ணுக்குத் திருகி வையுங்கள். ஆல்டர்நேற்றர் பெல்ற் தளர்ந்திருந்தால் மீற்றரும் குறைத்தே காட்டும் என்பதால் முதலில் அதை இறுக்குங்கள்.

கேள்வி: ஆறு சிலிண்டர் காரின் அழகான ஆர்பிஎம் மீற்றர் ஒன்று கிடைத்திருக்கிறது. நான்கு சிலிண்டர் காருக்குப் போடலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: போடலாம்; அது சுற்றுக்கு மூன்று துடிப்பை எதிர்பார்ப்பதால் மூன்றில் இரண்டு பங்கே காட்டும். 3,000 சுற்றில் 2,000 என்று நிற்கும். சில மீற்றர்களின் உள்ளே நான்கு, ஆறு, எட்டு என்று மாற்றும் சிறு சுவிட்ச் உண்டு. பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: பழைய காருக்குக் கணினியோடு கூடிய இஎஃப்ஐ இஞ்சின் ஏற்றியுள்ளோம். இஞ்சினில் இரண்டு கம்பி வருகிற வெப்ப உணரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே டாஷ்போட் மானிக்கும் ஒரு கம்பி எடுத்தோம். அன்றிலிருந்து இஞ்சின் காலையில் எழும்ப மறுக்கிறது; ‘செக் இஞ்சின்’ விளக்கும் எரிகிறது.
– வாசகர், நெல்லியடி

பதில்: அந்தக் கம்பியை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு கம்பி உணரி கணினிக்கு உரியது. கணினி அதற்கு 5 வோல்ற் அனுப்பி, திரும்பும் அளவைக் கொண்டு தண்ணீரின் சூட்டை அறிந்து, எவ்வளவு பெற்றோல் தெளிப்பது என்று முடிவெடுக்கிறது. அதே கம்பியில் டாஷ்போட்டின் மானியும் தொங்கினால் அளவு குழம்பி, குளிர்ந்த இஞ்சினைச் சூடானதென்றோ சூடானதைக் குளிர்ந்ததென்றோ கணினி நம்பிவிடும். மானிக்கென்று ஒற்றைக் கம்பி உணரி ஒன்று பெரும்பாலான ஜப்பான் இஞ்சின்களில் அதே தண்ணீர் வழியில், அருகிலேயே இருக்கும். உங்கள் மானியின் சோடியை அந்தத் துவாரத்தில் முடுக்குங்கள். துவாரம் அடைக்கப்பட்டிருந்தால், ரேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, மரைத்துவாரமுள்ள உலோகக் குழாய்த் துண்டொன்றை நடுவே செருகலாம். ஹோஸ் ரப்பர் என்பதால் அந்தத் துண்டுக்குத் தனியே எர்த் கம்பி கொடுக்க மறக்க வேண்டாம். தண்ணீர் சூடாகும்வரை வழியை அடைத்து நிற்கும் தேர்மோஸ்ரற்றுக்கு அப்பால் மேல் ஹோஸ் இருப்பதால், அது திறக்கும்வரை முள் தூங்கும். அதைப் பழுதென்று எண்ணாதீர்கள்.

விளக்கு அதன் பின்னும் அணையாவிட்டால் வேகச் சைகையைச் சந்தேகியுங்கள். பல இஎஃப்ஐ கணினிகள், கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய வேகத் துடிப்பை எதிர்பார்க்கின்றன. அது இல்லாதபோது காலை எடுத்தவுடன் இஞ்சின் நின்றுபோவதும் உண்டு. பழைய கேபிள் வேகமானியை வைத்துக்கொண்டே, கேபிளின் நடுவில் பொருத்துகிற துடிப்பு உணரியைச் சேர்த்தால் இருபக்கமும் திருப்தியாகும். ஜப்பான் நியமத்தில் சுற்றுக்கு நான்கு துடிப்பு, கிலோமீற்றருக்கு 2,548.

கேள்வி: இஞ்சின் மாற்றியதை எங்காவது பதிய வேண்டுமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டும். இஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள். அவை காரோடு பொருந்தாவிட்டால் விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் சிக்கல் வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் எரிபொருள் வகை சரியாக இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் இஞ்சின் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதோடு, புளொக்கில் குத்தியிருக்கும் இலக்கத்தை அங்கேயே துடைத்து வாசித்து, அதே இலக்கத்தைச் சீட்டில் எழுதுவித்து, கடை முத்திரையும் பெற்றுக்கொண்டு வண்டி ஏற்றுங்கள்.